மீட்டு வளர்த்த ஆமை இறந்துவிட்டால்: முதல் நாளும் அடுத்த வாரங்களும்

இரண்டு விரல் அகலத்தில், பச்சை ஓடும் காதோரம் சிவப்புக் கோடுமாகச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விற்கப்படும் ஸ்லைடர் ஆமைக்குஞ்சு, சில வருடங்களில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிடும். பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ. தாண்டுவது சாதாரணம். சின்னக் கண்ணாடித் தொட்டியோடு வாங்கியவர்களுக்கு அப்போது அது பாரமாகிறது. கோயில் குளத்தில் விடுகிறார்கள், ஏரியில் போடுகிறார்கள், வாளியோடு யார் வீட்டு வாசலிலாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கைவிடப்பட்ட ஒன்றை எடுத்து, வீங்கிய கண்ணையும் மெத்தென்று ஆகிவிட்ட ஓட்டையும் சரிசெய்து வளர்த்தவர்களுக்காக எழுதப்பட்டது இது. அந்த ஆமை இறந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியது.

இந்தத் துக்கத்தில் பெரும்பங்கு சந்தேகம்தான். உண்மையிலேயே செத்துப்போயிருந்ததா, எதனால் செத்தது, நான் கவனிக்கத் தவறினேனா? மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுப்பவை இந்தக் கேள்விகளே. இவற்றுக்கான பதில் முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில்தான் கையில் இருக்கும். அதனால் அழுகை ஒருபக்கம் இருக்கட்டும், முதலில் உடலைக் கவனியுங்கள்.

இறந்ததுதானா?

ஆமை குளிர் ரத்தப் பிராணி. உடல் குளிர்ந்தால் மூச்சும் இதயத்துடிப்பும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஸ்லைடரின் சொந்த ஊர் அமெரிக்கா. அங்கே குளிர்காலத்தில் குளத்தடியில் அசையாமல் கிடந்தே காலம் தள்ளும் இனம் இது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பர் ராத்திரியில் ஹீட்டர் நின்றுபோனால், காலையில் கைகால் தொங்க, கூப்பிட்டால் அசையாமல் கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைத்துவிடலாம். சமவெளியில் குளிரால் இப்படி ஆவது அரிது. ஆனால் நோயில் துவண்ட ஆமையும் தண்ணீரில் மூழ்கிய ஆமையும் இதே மாதிரிதான் கிடக்கும்.

தொட்டியின் அடியில் கிடந்தால் உடனே வெளியே எடுங்கள். தலை கீழாகவும் வால் மேலாகவும் சாய்த்துப் பிடித்து, தாடைக்குப் பின்னால் விரல் கொடுத்துக் கழுத்தை மெல்ல வெளியே இழுங்கள். வாயிலிருந்து தண்ணீர் வடியட்டும். பிறகு ஆமையை நேராக வைத்து, முன்னங்கால்கள் இரண்டையும் மெதுவாக வெளியே இழுத்து உள்ளே தள்ளுங்கள். கால்களின் அசைவோடு நுரையீரலும் விரிந்து சுருங்கும். வாயில் ஊத வேண்டாம். மல்லாக்கப் போட்டு வைக்கவும் வேண்டாம். அப்படி வைத்தால் உள்ளுறுப்புகளின் பாரம் முழுக்க நுரையீரல்மேல் விழும்.

அடுத்து, ஈரமில்லாத பெட்டியில் துண்டு விரித்து, 26 முதல் 28 டிகிரி உள்ள அறையில் நாலைந்து மணி நேரம் வையுங்கள். சூடேறட்டும் என்று பல்புக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். விலகத் தெம்பில்லாத ஆமை அங்கேயே வெந்துவிடும். "ஒருவேளை உயிர் இருந்தால்" என்று தண்ணீரில் திருப்பி விடுவதும் தவறு, உயிர் இருந்தால் அதுவே மூழ்கடித்துவிடும்.

சூடு ஏறிய பிறகு பஞ்சுக்குச்சியின் நுனியால் கண்ணோரத்தைத் தொட்டுப் பாருங்கள், இமை சுருங்குகிறதா? பின்னங்கால் விரலிடைத் தோலை லேசாகக் கிள்ளுங்கள். வாலடித் துவாரத்தைத் தொடுங்கள். வாயைத் திறந்தால் தாடை இறுகுகிறதா, திறந்தபடியே நிற்கிறதா? எதற்கும் அசைவில்லை என்றாலும் முடிவுகட்டிவிட முடியாது. ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால், கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் நடுவில் டாப்ளர் என்னும் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவியை வைத்து இதயத்தைக் கேட்பார். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மூளை செயலிழந்த பிறகும் ஆமையின் இதயம் பல மணி நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் துடிப்பு கேட்டதும் மருத்துவர் உற்சாகப்படாமல் காத்திருக்கச் சொன்னால், அலட்சியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவர் கிடைக்காத ஊரில் கண் குழிவிழுந்து, தோல் நிறம் மாறி, வாடை வரும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊர்ஜிதப்படுத்திக்கொள்ள என்று ஃப்ரீசரில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. உயிர் இருந்தால் அது சித்திரவதை. பிற்பாடு அந்தச் சந்தேகம் உங்களையும் விடாது.

பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

வீட்டில் இன்னொரு ஆமை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், செய்துவிடுங்கள். தனி ஆமை என்றால் உங்கள் விருப்பம். ஆனால் "என்னால்தான் போச்சோ" என்று தன்னையே குடையும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது நிச்சயம் உதவும்.

மரணம் உறுதியான நிமிடத்திலிருந்து உடலைக் குளிரவைக்க வேண்டும், ஆனால் உறையவைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்களுக்குள் பனித்துகள் உண்டாகி, நுண்ணோக்கியில் பார்த்தால் சரியாகத் தெரியாது. இரண்டு பிளாஸ்டிக் கவர்களில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, தெர்மகோல் பெட்டியில் சுற்றிலும் ஐஸ் பேக் அடுக்கி மூடுங்கள். சமையலறை ஃப்ரிட்ஜ் வேண்டாம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஆறு மணி நேரம் வெளியே இருந்தாலே குடலும் ஈரலும் குழைந்துவிடும்.

சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் நோய்க்குறியியல் துறை இருக்கிறது. முன்கூட்டியே போன் செய்து, எத்தனை மணிக்குள் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். உடலோடு ஒரு தாளும் போக வேண்டும். கடைசியாகப் பார்த்த எடை, என்ன தீனி, தண்ணீரின் வெப்பநிலை, யுவிபி பல்பு (வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு) மாற்றிய தேதி, கொடுத்த மருந்துகளும் அவற்றின் அளவும், உங்களிடம் வரும்போது இருந்த நிலை, எல்லாவற்றையும் எழுதுங்கள். தொட்டியைக் கலைக்கும் முன் போட்டோ எடுத்து, சுத்தமான பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடி ஓட்டை ரம்பம் வைத்து அறுத்துத்தான் உள்ளே பார்க்க முடியும். உடல் திரும்பி வந்தாலும் முழுசாக வராது. பாதத் தடமோ கடைசிப் படமோ வேண்டும் என்றால் கொண்டுபோகும் முன்பே எடுத்துவிடுங்கள். தடம் எடுக்க இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு போதும். தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரை அங்குலத் தடிமனுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். பின்னங்காலை அழுத்தினால் நக நுனிவரை பதியும், முன்னங்காலைவிட அதில் விரலிடைத் தோல் நன்றாக விரியும். விறைத்திருந்தால் காலை வலிந்து நீட்டாதீர்கள், மாவைக் காலுக்குக் கொண்டுபோய் ஒற்றுங்கள். நிழலில் நாலைந்து நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.

அறிக்கையில் 'செப்டிசீமியா' என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் அதோடு திருப்திப்பட வேண்டாம். ரத்தத்தில் கிருமி பரவியது கடைசிப் படி, அதற்கு வழிவிட்டது என்ன என்பதே கேள்வி. திசுப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். ஈரலில் கொழுப்பு, சிறுநீரகத்தில் யூரிக் அமிலப் படிவு, வைட்டமின் ஏ குறைவின் தடயம், விழுங்கிய கூழாங்கல், பெண் ஆமையானால் வெளிவராமல் தங்கிய முட்டை, இப்படி ஏதாவது கிடைக்கும். முட்டை என்றதும் திகைக்க வேண்டாம். ஆண் துணையே இல்லாமலும் பெண் ஆமை முட்டை வைக்கும். மண்மேடு இல்லாத கண்ணாடித் தொட்டியில் அதை வெளியேற்ற முடியாமல் இறப்பது அடிக்கடி நடக்கிறது.

அடக்கம்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஆரோக்கியமான ஆமையின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கும். 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டதற்கு அதுவே காரணம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உடலைத் தொட வேண்டாம். தள்ளி நின்று பூப்போட்டால் போதும்.

குழி குறைந்தது மூன்றடி. கிணறு, போர்வெல், கீரைப் பாத்தி பக்கத்தில் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றிப் புதையுங்கள், பிளாஸ்டிக் கவரோடு புதைத்தால் மக்காது. மேலே ஒரு கடப்பைக் கல் துண்டைப் போடாவிட்டால் தெருநாயும் பெருச்சாளியும் தோண்டிவிடும். மறுநாள் காலையில் அதைப் பார்க்க நேர்வது மரணத்தைவிட மோசமான அனுபவம். மருத்துவர் ஊசி போட்டு முடித்துவைத்த உடல் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் நாயும் செத்துப்போகலாம். எரிப்பதே மேல்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் பூந்தொட்டியில் புதைக்கலாமா என்று கேட்பதுண்டு. கைக்குள் அடங்கும் குஞ்சுக்கு, பெரிய தொட்டியில் அடியில் வைத்து ஒன்றரை அடி மண் மூடினால் ஆகும். அதில் பூச்செடி வைக்கலாம், துளசியோ கீரையோ வேண்டாம். ஒன்றரை கிலோ ஆமைக்கு இது ஒத்துவராது, இரண்டாம் நாளே வாடை கிளம்பும். செல்லப்பிராணிகளுக்கான எரிமேடை உள்ள ஊரில் இருந்தால் ஆமையை ஏற்பார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நிலம் உள்ள நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். ஆற்றிலோ கடலிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். "தண்ணியில வாழ்ந்தது, தண்ணிக்கே போகட்டும்" என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த நோயால் இறந்தது என்று தெரியாத அயல்நாட்டு ஆமையை நம் ஊர்ப் பாலாமை வாழும் நீரில் போடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நீங்கள் மீட்டது ஸ்லைடராக இல்லாமல் நட்சத்திர ஆமையோ பாலாமையோ என்றால் கதை வேறு. அவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. நீங்களாகப் புதைக்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், ஓட்டை நினைவுக்கு என்று வைத்துக்கொள்ளவும் கூடாது. பச்சை இகுவானா, பால் பைதான் (ball python) என்னும் மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டுப் பிராணிகளை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருந்தால், இறப்பையும் அங்கே தெரிவிக்க வேண்டும். மருத்துவரின் சான்று அதற்கும் பயன்படும்.

"நான்தான் காரணமா?"

மீட்ட விலங்கை இழந்தவர்களின் குற்ற உணர்ச்சி தனி ரகம். காப்பாற்றத்தானே எடுத்து வந்தோம், காப்பாற்றவில்லையே என்ற எண்ணம். இதை "மனசைத் தேத்திக்கோ" என்ற வார்த்தையால் கரைக்க முடியாது. ஆமையின் உடல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் ஓரளவு கரையும்.

ஆமைக்குள் எல்லாமே மெதுவாக நடக்கும், கேடும்தான். காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளர்ந்த குஞ்சுக்கு வைட்டமின் ஏ குறைவு உள்ளேயே சேர்ந்துகொண்டு வரும். இமை வீங்கிக் கண் மூடும்போதுதான் வெளியே தெரியும். வெயிலும் யுவிபியும் இல்லாத தொட்டியில் எலும்பு பலவீனமாவதும் அப்படியே. அதோடு, காட்டில் பலவீனத்தைக் காட்டினால் அடுத்த பிராணிக்கு இரையாக வேண்டும் என்பதால் நோயை மறைப்பது இந்த இனத்தின் இயல்பு. நேற்றுவரை சாப்பிட்டது, இன்று செத்துவிட்டது என்று தோன்றும் மரணங்களில் நோய் பல மாதங்களாக உள்ளே இருந்திருக்கும்.

ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் உங்களிடம் வருவதற்கு முன் நடந்தவை: எத்தனை வருடம் எந்தத் தொட்டியில், என்ன தீனி, வரும்போது ஓடு எப்படி இருந்தது. இரண்டாவதில் நீங்கள் செய்தவை, தேதியோடு. மூன்றாவது முக்கியம். ஒவ்வொரு முடிவையும் எடுத்த அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? "நீந்தும்போது ஒருபக்கம் சாய்கிறது" என்றால் நிமோனியாவாக இருக்கலாம் என்பது இன்று தெரிகிறது. அன்று தெரியுமா? தெரிந்தும் தள்ளிப்போட்டீர்களா, தெரியாமல் விட்டீர்களா? இரண்டும் ஒன்றல்ல. மருத்துவர் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் பலருக்கும் முதல் பத்திதான் நீளமாக வரும். இரண்டாவது பத்தியில் நிஜமான தவறு ஒன்று இருக்கவும் கூடும். யுவிபி பல்பு எரிகிறதே என்று இரண்டு வருடம் மாற்றாமல் விட்டிருக்கலாம் (குழல் பல்புகளில் வெளிச்சம் இருந்தாலும் யுவிபி ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மங்கிவிடும்). அப்படி இருந்தால் அதை இல்லையென்று சாதிக்க வேண்டாம். தவறு என்று எழுதி, அது ஒன்று மட்டுமே காரணமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆமைக்கு முதலில் மயக்க மருந்து, பிறகு உயிர்நிறுத்தும் ஊசி, அதன்பின் மூளையைச் செயலிழக்கச் செய்யும் ஒரு படி என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். கேட்கவே கொடூரமாக இருக்கும். பிராணவாயு இல்லாமலும் ஆமையின் மூளை வெகுநேரம் தாங்கும், அது மீண்டும் விழித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடைசிப் படி. ஆழ்ந்த மயக்கத்தில் நடப்பதால் ஆமைக்கு எதுவும் தெரியாது.

ஊர் வாய்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பதை யாராவது ஒரு அத்தையோ பெரியப்பாவோ சொல்லாமல் இருக்க மாட்டார்கள். "போனதே நல்லதுக்குத்தான்" என்றும் சேர்ப்பார்கள். நாய் செத்தால் லீவு கேட்பதே கஷ்டமாக இருக்கும் ஆபீஸில் ஆமைக்காகக் கேட்க முடியாது. சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளாத துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே தனி வகையாகப் பிரித்து எழுதினார். அந்தத் துக்கம் சின்னதாக இருப்பதில்லை, சொல்ல ஆளில்லாததால் நீண்டுபோகிறது.

எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். பெரியவர்களிடம், "நாலு வருஷம் கூடவே இருந்துச்சு அத்தை, கஷ்டமா இருக்கு, பிறகு பேசலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். பழமொழியோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. ஆபீஸில் "வீட்ல ஒரு இழப்பு" என்றாலே போதும், யார் என்று சொல்லும் கட்டாயம் இல்லை. மனம்விட்டுப் பேச, ஆமை வளர்ப்பவர் ஒருவர் போதும். கால் சத்தம் கேட்டதும் கண்ணாடியில் ஓட்டை டொக் டொக்கென்று இடித்துக்கொண்டு தீனிக்கு வரும் பழக்கத்தை அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.

பிள்ளைகளிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்ல வேண்டாம். முதலாவது தூங்கவே பயப்பட வைக்கும், இரண்டாவது எப்போது வரும் என்று கேட்க வைக்கும். "செத்துப்போச்சு, இனி மூச்சு விடாது, வலிக்காது" என்று நேராகச் சொல்லுங்கள். அதே அளவில் இன்னொன்றை வாங்கி ரகசியமாகத் தொட்டியில் விடும் வேலையும் வேண்டாம். கன்னக்கோட்டின் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பிள்ளைக்குத் தெரியும்.

பால் ஊற்றுவது, விளக்கு வைப்பது, எட்டாம் நாளோ பதினாறாம் நாளோ அதன் பெயரில் நாலு நாய்க்குச் சோறு போடுவது, எது மனதுக்கு ஒத்துவருகிறதோ செய்யுங்கள். விதி எதுவும் இல்லை. இரண்டு மூன்று வாரம் கழிந்தும் சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை, அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். ஆமைக்காகவா என்று கூச்சப்படத் தேவையில்லை.

தொட்டி

காலை டைமரில் பல்பு தானாக எரிவதும் ஃபில்டர் ஓடும் சத்தமும்தான் அதிகம் அறுக்கும். டைமரை முதல் நாளே கழற்றிவிடுங்கள். தொட்டியை உடனே கலைக்க மனம் வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஃபில்டரை நிறுத்திய தொட்டி வெகு சீக்கிரம் நாற ஆரம்பிக்கும், அந்த நாற்றம் கடைசி நினைவாகப் பதிந்துவிடும். தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம்.

முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து வழுவழுப்பு போகக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி வெயிலில் காயவையுங்கள். வினிகரோ பாத்ரூம் ஆசிடோ பிளீச்சோடு சேரக் கூடாது, நச்சுப்புகை கிளம்பும். ஃபில்டர் ஸ்பாஞ்ச், மரக்கட்டை, கூழாங்கல் ஆகியவற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், துளைக்குள் இருக்கும் கிருமியை எடுக்க முடியாது. குழல் வகை யுவிபி பல்பில் பாதரசம் இருப்பதால் அதை மின்கழிவோடு சேருங்கள். தொட்டி, ஹீட்டர், மேடை எல்லாம் நன்றாக இருந்தால் ஆமை மீட்பவர்களுக்குக் கொடுக்கலாம், எதனால் இறந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பிரித்த தீனி டப்பாவையும் மீந்த மருந்தையும் யாருக்கும் தர வேண்டாம்.

இன்னொரு ஆமை வீட்டில் இருந்தால், அது துணையை இழந்து ஏங்குகிறது என்று நினைத்து அவசரமாகச் சோடி வாங்கிவிடாதீர்கள். ஸ்லைடருக்குத் துணை தேவையில்லை, ஒரே தொட்டியில் இரண்டு இருந்தால் மேடைக்கும் தீனிக்கும் சண்டைதான். அது சாப்பிடாமல் இருந்தால் நோயாகத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தண்ணீர் 24 முதல் 27 டிகிரியிலும், வெயில் காயும் மேடை 30 முதல் 32 டிகிரியிலும் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

அடுத்த ஆமை எப்போது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் மீட்பவர் என்று தெரிந்தவர்கள் எப்படியும் ஒரு வாளியோடு வந்து நிற்பார்கள். அன்று மனம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடலாம், கூடவே வேறு ஒருவரின் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது குளத்துக்குத்தான் போகும். எடுப்பதாக இருந்தால் தனித் தொட்டி, தனி வலை, தனி வாளியோடு தொண்ணூறு நாள் ஒதுக்கி வையுங்கள். முதல் வாரத்திலேயே எடை பார்த்து, மருத்துவரிடம் காட்டி, மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.